கட்டைவிரல்

காரின் உடம்பு எப்போதோ துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. நூறு வருடப் பழைய எஞ்சின் மட்டும் கிணற்றடியில் பலகைமேல் உட்கார்ந்து, குருவம்மாளின் வாழைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. பழைய வண்டிகளை உடைக்கும் உத்தரவோடு அதிகாரி வந்தார்.

"இது வண்டி இல்ல சார். இத எடுத்துட்டா வாழை காஞ்சிரும்."

"நம்பர் இருக்கேம்மா. ஓடாத வண்டின்னு எழுதிட்டேன். கையெழுத்துப் போட்டா லாரி வந்துரும்."

"ஓடாதா? கைப்பிடியச் சுத்திப் பாத்துட்டுப் போடுங்க."

எஞ்சினைக் கிளப்ப அதன் முன்பக்கம் செருகியிருந்த இரும்புக் கைப்பிடியை அவர் பற்றினார்.

"கட்டைவிரலையும் மத்த விரலோட ஒரே பக்கமா வைங்க சார். வளைச்சுப் பிடிச்சா, கைப்பிடி திருப்பி அடிக்கும்போது கைய ஒடிச்சிரும்."

"எனக்குத் தெரியும்மா."

வளைத்துப் பிடித்தே சுற்றினார். எஞ்சின் ஒருமுறை செருமியது. கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று அடித்ததில், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வரப்பில் சரிந்தார்.

குருவம்மாள் கட்டைவிரலை ஒதுக்கி, ஒரே இழுப்பில் எஞ்சினைக் கிளப்பினாள். குழாயில் தண்ணீர் பாய்ந்தது. வீங்கிய அவர் கையை இழுத்து, அந்தக் குளிர்ந்த தண்ணீரில் பிடித்தாள். அவர் எழுதியிருந்த காகிதத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள். எஞ்சின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னாள்:

"இப்பப் போடுங்க சார், ஓடாதுன்னு."