ஏழாம் மடுவில் தண்ணீர் கேட்ட மைனா

அந்தக் காட்டாற்றில் ஏழு மடுக்கள். மடுவுக்கு ஒரு பேச்சு. அந்தந்த மடுவின் பேச்சிலேயே அனுமதி கேட்டுவிட்டுத்தான் எவரும் அங்கே தண்ணீர் குடிப்பார்கள்.

ஒரு கோடையில், காட்டுப் பேச்சுகளைக் கணக்கெடுக்க நகரத்து மைனா ஒன்று ஏழாம் மடுவுக்கு வந்தது. அங்கே ஒரு தவளைதான் இருந்தாள்.

"இங்க நீ ஒருத்திதானா?"

"குடியிருக்கிறது நான் ஒருத்திதான்."

"ஒருத்திக்கு ஒரு பேச்சா? செத்துப்போச்சுன்னு போட்டுடறேன்." கையோடு கொண்டுவந்த இலையில் அப்படியே கொத்திவிட்டு, மைனா தாகத்தோடு தண்ணீருக்குக் குனிந்தது.

தவளை அதன் அலகுக்கு நேரே வந்து உட்கார்ந்துகொண்டாள். "கேட்டுட்டுக் குடி."

"செத்த பேச்சிலயா?"

"யானையே கேட்டுட்டுத்தான் குடிக்குது. நீ என்ன பெரிய கொம்பனா?"

அப்போது தண்ணீர் குடிக்கக் கரைக்கு வந்த யானை தும்பிக்கையைக் குறுக்கே நீட்டியது.

வெயில் ஏறியது. மைனாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கடைசியில் தவளை சொல்லிக்கொடுத்த நாலு சொல்லைத் திக்கித் திக்கிச் சொன்னது. உடனே தவளை வழிவிட்டாள். யானையும் தும்பிக்கையை எடுத்துக்கொண்டது.

மைனா வயிறு முட்டக் குடித்து நிமிர்ந்ததும், தவளை அந்த இலையை அதன் முன்னால் தள்ளினாள்.

"செத்துப்போச்சுன்னு போட்டதை அடி. இந்தப் பேச்சைப் பேசுறவங்க பேரை எழுது. முதல்ல உன் பேரு."