பாறை தாழும் இடம்

சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே போகும் அந்த நடைபாதையில் குழந்தை குட்டிகளோடு நல்ல கூட்டம். ஞானவேல் முன்னால் நடந்தான். அவன் முதுகைப் பார்த்தபடி மனைவி பூங்கொடி வந்தாள். போன முறை மகள் அவன் தோளில் உட்கார்ந்து, தலைமுடியைக் கடிவாளம்போலப் பிடித்திருந்தாள். பாறை தாழ்ந்து வரும் இடத்தில் அவன் தன் உயரத்துக்கு மட்டும் குனிந்துவிட்டான். நெற்றியில் இடிபட்டவள் அழுது ஊரையே கூட்டிவிட்டாள். வீட்டுக்குப் போயும் கோபம் தீராமல் அப்பாவோடு காய் விட்டாள். பழம் விடுவதற்குள் காய்ச்சல் வந்தது; மூன்றே நாளில் எல்லாம் முடிந்துபோனது.

இப்போது அதே இடம். ஞானவேல் இரண்டு கைகளையும் மார்பருகே கொண்டுவந்து, சின்னக் கால்களைப் பிடித்திருப்பவன்போல, ஏறக்குறைய உட்கார்ந்தே நகர்ந்தான்.

"இவ்வளவு குனிய வேணாம் சார், தாராளமா போலாம்" என்று பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார்.

அந்தப் பக்கம் போய் எழுந்தவன் திரும்பாமலே கேட்டான்: "இடிச்சிருச்சா?"

பூங்கொடியின் கை அவன் தலைக்கு மேலே, அந்தரத்தில் இருந்தது. புறங்கை பாறையில் உரசி, வெள்ளைத் தூளோடு ரத்தம் கசிந்தது.

"இல்லங்க" என்றாள். "கைய வச்சிருந்தேன்."