நாலாவது வரன்

கூடத்து சோபாவில் வெங்கடபதி, எதிரே நாற்காலியில் மகள் அக்ஷிதா, வாசலோரம் முக்காலியில் பட்டறை மேஸ்திரி பஷீர். ராமாமணி மட்டும் உட்காரவில்லை. மகளைப் பெண் பார்த்துப் போன மூன்றாவது வீட்டுக்கும் மொட்டைக் கடிதம் போயிருந்தது.

“‘பொண்ணு எந்நேரமும் கிரீஸும் கையுமா இருப்பா’ன்னு எழுதினது யாருங்க?”

“நானில்லீங்கம்மா,” என்றார் பஷீர்.

“அம்மணி, நீயா?”

“நான் எழுதினா கையெழுத்துப் போட்டே எழுதுவேன்மா.” சொன்ன அக்ஷிதா காதைத் தீட்டிக்கொண்டாள். “பஷீர்ண்ணா, மூணாம் நம்பர் மோட்டார்ல பேரிங் போகுதுங்க.”

வேறு யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. அவள் பட்டறைக்கு ஓட, பஷீரும் பின்னால் ஓடினார்.

“அதுக்குன்னே பொறந்தவ,” என்று எழுந்த வெங்கடபதியின் சட்டைப்பையிலிருந்து ஓர் உறை நழுவி விழுந்தது. அடுத்த வாரம் வரவிருந்த வெள்ளகோவில் வரனின் முகவரி. இடக்கையால் எழுதிய கோணல் எழுத்து.

“நீங்களாங்க?”

“கட்டிக் குடுத்துப்போட்டா, அவளைப் பட்டறைப் பக்கமே விடமாட்டாங்க.”

ராமாமணி ஜன்னல் வழியே பார்த்தாள். கையெல்லாம் கிரீஸோடு மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். பெண் பார்க்க வந்த மூன்று நாளும் அந்தச் சிரிப்பு வந்ததில்லை.

பேனாவை எடுத்து, விட்டுப்போன பின்கோடை எழுதினாள்.

“இது இல்லாட்டி போய்ச் சேராதுங்க.”

உறையை ஒட்டி, தானே போய்த் தபால் பெட்டியில் போட்டாள்.