வெங்காய வண்டிக் குரல்

"இந்த ரெக்கார்டிங்க அழிச்சிடு மச்சான். எனக்கு இது வேணாம்" என்று ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய மெமரி கார்டை மேசைமேல் வைத்தான் பார்த்திபன்.

கேளம்பாக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் ஜானகிராமன் வாயைப் பிளந்தான்.

"இன்னாடா ஒளர்ற? ஊரே உன் கொரலக் கேட்டு அழுதுகினு கீது. நீ அழிக்கச் சொல்ற!"

பொய்யில்லை. பார்த்திபன் லோடு ஆட்டோவில் வெங்காயம் விற்பவன். காலையில் கிளம்பினால் மாமல்லபுரம் வரை தெருத் தெருவாகச் சுற்றுவான். கத்திக் கத்தித் தொண்டை போகிறதே என்று தன் குரலைப் பதிவு செய்து ஓட விட்டிருந்தான். "யம்மா, வந்துட்டேம்மா! வாசல்லதான் நிக்கிறேன், வெளிய வாம்மா!" வெங்காயமும் விலையும் அதற்கப்புறம்தான் வரும்.

அவன் வண்டி போகும் தெருவில் ஓர் அடுக்குமாடி வீட்டுப் பெண் சிநேகா, அந்த முதல் வரியை மட்டும் வெட்டி எடுத்து இணையத்தில் போட்டாள். சும்மா தமாஷுக்குத்தான். சொல்லாமல் கொள்ளாமல் லீவில் வந்த செய்யூர்ப் பட்டாளத்துப் பையன் ஒருவன், தன் வீட்டு வாசலில் அதை ஓட விட்டு வீடியோ எடுத்தான். ஏதோ காய்கறி வண்டி என்று கூடையோடு வந்த அம்மா, மகனைப் பார்த்ததும் கூடையை வீசிவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாளே, பார்க்கணும்! அவ்வளவுதான். துபாய்ப் பிள்ளை, ஹாஸ்டல் பெண், கட்டிக்கொடுத்த மகள் என்று ஆளாளுக்கு அந்தக் குரலோடு அம்மா வாசலில் போய் நின்றார்கள். லட்சக்கணக்கில் ரீல்ஸ். பார்த்தவர்களெல்லாம் மூக்கைச் சிந்தினார்கள்.

"அதெல்லாம் சரிடா" என்றான் பார்த்திபன். "மாபலிபுரத்துல ரேணுகான்னு ஒரு அம்மா... ஒரு பொம்பள கீது. ஓட்டல்ல ரூம் சுத்தம் பண்ற வேல. புருஷன் செத்துப் பத்து வருஷமாச்சு. ஒரே புள்ள மஸ்கட்ல கீறான். 'என் புள்ளயும் ஒரு நாள் இப்டித்தான் வந்து நிப்பான்'னு சொல்லிச்சு. அதுலேர்ந்து என் கொரலக் கேட்டா போதும், அடுப்புல கீறத அப்டியே போட்டுட்டு ஓடியாருது. தெருவ இந்தாண்ட அந்தாண்ட பாக்குது. அப்பால தலையக் குனிஞ்சிகினு அர கிலோ வெங்காயம் வாங்கிகினு போவுது. தெனம் இந்தக் கூத்து. ஆச காட்டி மோசம் பண்ற மாரி கீதுடா. என்னால தாங்க முடியல."

ஜானகிராமன் அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"உன் ரூட்டுல ஐந்நூறு வூடு கீது. இந்த ஒரு வூடு மட்டும் உன்ன இன்னா இந்தப் பாடு படுத்துது?"

"போடா, பேஜாரு பண்ணாத!"

பார்த்திபனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்து நிமிர்வதற்குள் நாற்பத்தாறு வயது ஓடிப்போயிருந்தது. அந்த வாசலில் இரண்டு நிமிஷம் நின்று பேசக் கிடைத்தால் அவனுக்கு அன்றைக்கெல்லாம் திருவிழா. அவள் ஏமாந்து திரும்பத் தன் குரலே காரணமாகிறதே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

"அழிக்கல்லாம் மாட்டேன். அந்தத் தெருவுல மட்டும் ஆஃப் பண்ணிக்கோ" என்று கார்டை அவன் சட்டைப் பையிலேயே திணித்து அனுப்பினான் ஜானகிராமன்.

மறுநாள் காலை ரேணுகாவின் தெருவில் சத்தமே இல்லாமல் வண்டியை விட்டான் பார்த்திபன். அவள் வீட்டைத் தாண்டும் நேரம், அரை டிராயர் போட்ட ஒரு வாலிபன் குறுக்கே வந்து கையை நீட்டினான்.

"நிறுத்துங்க அண்ணாத்த. இன்னிக்கு இன்னா, சவுண்டே காணோம்?"

"ரிப்பேரு. நீ யாரு தம்பி, புதுசா கீறே?"

"ஹேமந்த். ரேணுகா புள்ள. மஸ்கட்ல..."

பார்த்திபன் அவனை முடிக்க விடவில்லை. வண்டியிலிருந்து குதித்தான். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

"வந்துட்டியா ராசா! அம்மா இன்னும் பாக்கல இல்ல? இரு, இங்கியே நில்லு. நான் ஸ்பீக்கரப் போடறேன். எப்டி ஓடியாருதுன்னு மட்டும் பாரு!"

ஹேமந்த் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"நான் வந்து நாலு நாளாச்சு அண்ணாத்த."

"நாலு நாளா? நேத்துகூட ஓடியாந்துச்சே! முந்தாநேத்தும்..."

"அதத்தான் நானும் ஜன்னலாண்ட நின்னு பாத்துகினு கீறேன். என்ன வூட்டுக்குள்ள வெச்சிகினே ஓடியாருது. தெருவுல யாராச்சும் பாக்கறாங்களான்னு ரெண்டு பக்கமும் பாத்துட்டு, அப்பாலதான் உங்க வண்டியாண்ட வருது."

"டேய், கம்முனு உள்ள வாடா!" கதவுக்குப் பின்னாலிருந்து ரேணுகாவின் குரல். அதில் கோபத்தைக் காணோம், வெட்கம்தான் இருந்தது.

ஹேமந்த் நகர்வதாக இல்லை.

"எனக்கு லீவு இன்னும் பதினஞ்சு நாளுதான் கீது. சட்டுனு சொல்லுங்க அண்ணாத்த, பொண்ணு கேக்க எங்க வூட்டுக்கு எப்ப வர்றீங்க?"