டி டிரைவில் சாமை

"மெனுல எத அழுத்தினாலும் கல்லு மாதிரி நிக்குது, பூங்கோதை! பதினோரு மணிக்கு மெட்ராஸ் கம்பெனிக்காரங்க பாக்கப் போறாங்க."

போளூரில் வெப்சைட் செய்து கொடுக்கும் அசோக்குமார் போனில் பதறினார். ஜவ்வாது மலை மகளிர் குழுவின் சாமை, தேன், புளி விற்கும் பக்கம் அது. செய்தவள், மலையிலிருந்தே அவரிடம் வேலை பார்க்கும் பூங்கோதை.

"யாரு சார் அதுல கை வெச்சது?"

அசோக்குமாரின் குரல் இறங்கியது.

"நான்தான்... காலையில லிங்க்க எல்லாம் புதுசா போட்டேன். என் கம்ப்யூட்டர்ல ஜோராத்தான் தொறக்குது. போன்லதான் அசையல. நீ ஃபைலப் பாரேன்."

"நான் எதுக்குங்க சார்? நீங்களே தொறங்க. நேவ்னு ஒரு டேக் இருக்கும், அதான் மெனு. அதுக்குள்ள மூணு லிங்க். மொதல்ல இருக்கறதப் படிங்க."

"ஹெச்ரெஃப், ஈக்வல்... டி டிரைவ், அசோக், சாமை டாட் ஹெச்டிஎம்எல்."

அவள் சிரித்துவிட்டாள். "அது உங்க கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற எடம் சார். மெட்ராஸ்காரங்க போன்ல உங்க டி டிரைவ் ஏது? சாமைக்கு முன்னாடி இருக்கறத அழிச்சிடுங்க. ஃபைல் பேரு மட்டும் போதும். தேனுக்கும் புளிக்கும் அப்படியே. ரெண்டு பக்கம் இருக்கற கொட்டேஷன் குறியத் தொடாதீங்க. சேவ் பண்ணி சைட்ல ஏத்திட்டு, போன்ல பாருங்க."

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. அவள் அவசரப்படுத்தவில்லை.

"போன்லயும் தொறக்குதும்மா! மூணும் தொறக்குது!"

"அப்போ திங்கக்கிழமை, சார்?"

மலையில் சிக்னல் கிடைக்காது, திங்கட்கிழமைக்குள் போளூருக்கு வந்து தங்கு, இல்லையென்றால் வேறு ஆள் பார்க்கிறேன் என்று அவர் சொல்லி நான்கு நாள் ஆகியிருந்தது.

"இன்னா பண்றது, ஜெயிச்சிட்ட. பக்கத்து டேபிள்லேர்ந்து பேசற மாதிரி கணீர்னு கேக்குது. அங்கியே இருந்து வேலை செய். ஆனா ஒண்ணு, இப்ப உக்காந்திருக்கியே, அந்த சீட்ட வுட்டு நகரக் கூடாது."

"நகர மாட்டேங்க சார்."

போனை இடுப்பில் செருகினாள். முப்பதடி கீழேயிருந்து அம்மா வடிவு அண்ணாந்து கத்தினாள்: "பேசி முடிச்சியாடி? அப்படியே அந்த மேக்காலக் கெளைய ஒரு உலுக்கு உலுக்கு, புளி கொத்துக் கொத்தா தொங்குது!"