பழமை போதாது

குழுச் செயலர் மறுபடியும் போன் செய்தார். பேராசிரியர் எடுக்கவில்லை.

ஒரு மொழிக்குச் செம்மொழித் தகுதி தரலாமா என்று மாலைக்குள் அவர் கருத்துச் சொல்லியாக வேண்டும். ‘பழமை போதாது’ என்று எழுதியே வைத்துவிட்டார். கையெழுத்துதான் பாக்கி.

அது இந்தோ ஆரிய மொழி. இவரோ திராவிட மொழிகளில் ஊறியவர். ஆனாலும் அதன் வயதைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார். பழைய கல்வெட்டுகளை எழுத்துக்கூட்டிப் படித்து, எந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பிரித்து மேய்ந்துவிடுவார்.

அதுதான் அவர் மனைவியின் தாய்மொழி.

மனைவி எதிரே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். காலையிலிருந்து எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கல்யாணமான புதிதிலேயே அவள் தமிழுக்கு மாறிவிட்டாள். சண்டைகூடத் தமிழில்தான் போட்டாள், ஜெயிக்கவும் செய்தாள். அவள் மொழியைப் பேசக் கற்றுக்கொள்ள இவருக்கு ஒருநாளும் அவசரம் வந்ததில்லை.

மூளையில் ரத்தக்குழாய் அடைத்தபோது அவளுடைய தமிழ் மொத்தமும் போய்விட்டது. சின்ன வயதில் பேசியது மட்டும் மிஞ்சியது.

தண்ணீர் கொடுத்தார். தலையணையை உயர்த்தினார். ஜன்னலைத் திறந்தார், மூடினார். அவள் கையை அசைத்து மறுபடியும் அதையே சொன்னாள். நர்ஸைக் கேட்டார். அந்தப் பெண்ணும் உதட்டைப் பிதுக்கினாள்.

பேராசிரியருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கட்டிலுக்கும் கதவுக்குமாக நடையாய் நடந்தார். வலிக்கிறதோ என்னவோ என்று பயமாக இருந்தது. இத்தனை படித்து என்னத்தைக் கிழித்தோம் என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

கடைசியில் மைத்துனனை அழைத்தார். அவளுடைய தம்பி. இரண்டு மொழியும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

போனை அவள் வாயருகே பிடித்தார். அவள் அவசர அவசரமாகப் பேசினாள். நடுவில் இவரைப் பார்த்து ஒருமுறை சிரித்தாள். அந்தச் சிரிப்பில் இவருக்கு உயிர் வந்தது.

போனைத் தன் காதில் வைத்துக்கொண்டார்.

“என்னப்பா கேக்குறா? எங்கயாவது வலிக்குதாமா?”

“வலியெல்லாம் இல்ல அத்தான்.” மைத்துனனின் குரல் இறங்கியிருந்தது. “யாரோ ஒருத்தர் ரொம்ப நேரமா நிக்கிறாராம். பாவம், அவர வீட்டுக்குப் போகச் சொல்லு, சம்சாரம் காத்துக்கிட்டு இருப்பாங்கன்னு சொல்றா.”