ஒரு இஞ்ச்

“அண்ணே, இந்த நாலு பேன்டையும் இடுப்புல ஒரு இஞ்ச் பிரிச்சு விட்டுடுங்க. ஆனா அவருக்குத் தெரியக் கூடாது.”

டெய்லர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். எதிரே நின்றது பஸ் டிரைவரின் மனைவி.

“புருஷனோட பேன்ட், புருஷனுக்கே தெரியக் கூடாதா? என்னம்மா விஷயம்?”

“சுகர் ஏறிப்போச்சு, உடம்பைக் குறைங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். மனுஷன் ஒரு மாசமா காயும் முட்டையுமா தின்னுக்கிட்டு தினம் நடக்குறார். எடை மிஷின்ல முள்ளு அசைய மாட்டேங்குது. நேத்து தட்டைத் தள்ளி வெச்சுட்டு ‘எதுக்கு இந்த வீண் வேலை’ன்னுட்டார். பேன்ட் கொஞ்சம் லூஸானா இன்னும் ஒரு மாசம் தாக்குப் பிடிப்பார்ண்ணே.”

“இது மோசடிம்மா.”

“ஆமாண்ணே. நாளைக்குக் கிடைக்குமா?”

டெய்லர் தலையில் அடித்துக்கொண்டே வேலையை முடித்துக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து வீட்டில் மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

“பின்பக்கத் தையலைப் பிரிச்சு, உள்ள மடிச்சிருக்கிற துணியைக் கொஞ்சம் வெளிய விட்டேன். அவ்வளவுதான். அந்த ஆளு என்னடான்னா, இளைச்சுட்டேன் இளைச்சுட்டேன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறான். தன் இடுப்பு அளவு தெரியாம ஒருத்தன் இருப்பானா?”

“பாவம், அவ என்ன பண்ணுவா?” என்றாள் மனைவி. அவளுக்குத் தையலும் தெரியாது, தையல் பேச்சில் அக்கறையும் கிடையாது. பட்டன் அறுந்தால்கூட அவரிடம்தான் கொண்டுவந்து நீட்டுவாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சுகர் டெய்லருக்கும் இருந்தது. “மூணு மாசத்துல குறையலைன்னா தினம் ஊசிதான்” என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். முப்பது வருஷமாக ஊசியோடு குடித்தனம் நடத்துகிற மனுஷனுக்கு, அந்த ஊசி என்றால் மட்டும் பயம்.

டிரைவரும் விடவில்லை. “தனியா நடந்தா போரடிக்குதுண்ணே, நீங்களும் வாங்க. என்னைப் பாருங்க, பேன்ட் இடுப்புல நிக்க மாட்டேங்குது!”

டெய்லர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூடப் போனார். தினம் காலையில் நடை. டீயில் சர்க்கரை கட். ஒருத்தர் பேக்கரிப் பக்கம் திரும்பினால் இன்னொருத்தர் சட்டையைப் பிடித்து இழுப்பார். இப்படியே மூன்று வாரம்.

எடை மிஷின் இவருக்கும் இரங்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் வெள்ளரிக்காய்த் தட்டைத் தள்ளிவிட்டார்.

“போதும்டீ. நாளையிலேர்ந்து பழையபடி ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போடு. ஊசின்னா ஊசி. நடக்கிறது நடக்கட்டும்.”

மனைவி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை கடைக்குக் கிளம்பும்போது, பேன்ட் இடுப்பில் நிற்காமல் நழுவியது. இன்னொன்றைப் போட்டுப் பார்த்தார். அதுவும் நழுவியது. டெய்லருக்குத் தலைகால் புரியவில்லை. பேன்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு சமையலறைக்கே ஓடினார்.

“இங்க பாரு! இதப் பாரு!”

“அட, ஆமாங்க!” என்றாள் அவள். “சரி, டீக்கு சர்க்கரை போடட்டுமா?”

“சர்க்கரையா? மூச்! அந்த டிரைவருக்காவது நான் பிரிச்சு விட்டேன். எனக்கு யாரு பிரிச்சு விட்டா? இது அசல்டீ! அந்த எடை மிஷின்தான் ஓட்டை.” அப்போதுதான் அவள் கையைப் பார்த்தார். “விரல்ல என்ன பிளாஸ்திரி?”

“வெள்ளரிக்காய் நறுக்கும்போது கத்தி பட்டுடுச்சு.”

“பார்த்து நறுக்கக் கூடாதா?” என்றார், கண்ணாடியில் தன் இடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே.

அன்றிலிருந்து நடையில் டிரைவரையே முந்தினார். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் துணியைத் தைத்ததைவிட அறிவுரை சொன்னதுதான் அதிகம்.

மூன்றாவது மாசம் ரிப்போர்ட் வந்தது. “பரவாயில்லையே! ஊசி வேண்டாம். இப்படியே இருங்க” என்றார் டாக்டர். டெய்லருக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றைக்கே டிரைவரும் நாலு பேன்டோடு வந்தார். அவருக்கும் நல்ல ரிப்போர்ட். “ரெண்டு இஞ்ச் பிடிச்சுக் குடுங்கண்ணே. நிஜமாவே கழண்டு விழுது.”

“உட்காருங்க தம்பி. முதல்ல என்னோடதைப் பிடிச்சுடுறேன். மூணு இஞ்ச் லூஸ், தெரியுமா? உங்களைவிட ஒண்ணு கூட!”

வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த தன் பேன்டைப் பெருமையோடு உட்புறம் திருப்பினார்.

பின்பக்கத்தில் அவர் மிஷினில் ஓட்டிய கறுப்புத் தையலைக் காணோம். நீல நூலில் கைத்தையல். ஒன்று நீளம், ஒன்று குட்டை. முடிச்சுக்கு மேல் முடிச்சு. பக்கத்தில் துவைத்தும் போகாத பழுப்புக் கறை, சின்னப் பொட்டு அளவுக்கு.

டேப்பை வைத்துப் பார்த்தார். சரியாக ஒரு இஞ்ச் பிரித்து விட்டிருந்தது.

“என்னண்ணே, அப்படியே உக்காந்துட்டீங்க? மூணு இஞ்ச் பிடிக்கப் போறேன்னீங்க?”

“தப்பா அளந்துட்டேன் தம்பி. ரெண்டுதான்.”

போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். மனைவி எடுத்தாள்.

“ஒண்ணுமில்ல... அன்னைக்கு வெள்ளரிக்காய் நறுக்கும்போது பட்ட காயம்... ரொம்ப வலிச்சுதா?”